புதுப்பிப்பு: தாத்தா மனையில் மெட்டல் டிடெக்டர்

கீழக்கரை பக்கம் ஆளில்லாமல் கிடக்கும் எங்கள் தாத்தாவின் மனையில் மெட்டல் டிடெக்டர் ஓட்டப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

தங்கம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த ஆணிகள், ஒரு கதவுக் கீல், அவ்வளவுதான் என்று இருந்தபோது அடுப்படி மூலையில் கருவி தெளிவாகக் கத்தியது. ஒரு சாண் ஆழத்தில் ஒரு காலணா. பச்சைக் களிம்புக்குள் அன்றைய பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தாடி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ஆண்டில் 19க்கு அப்புறம் படிக்க முடியவில்லை. அத்தை புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

கரையோர ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரணக் கருவி சும்மா சும்மா கத்தும். உணர்திறனைக் குறைத்துக் காய்ந்த மேட்டில் மட்டும் ஓட்டுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், இன்னும் அதே பத்து ரூபாய்தான்! சொந்த மனை என்றாலும் விலக்கில்லை. நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தனுஷ்கோடிக்கும் அழகன்குளத்துக்கும் கருவியோடு கிளம்புகிறவர்களே, வேண்டாம். முன்னது 1964 புயலில் மக்களோடு போன ஊர். பின்னது ரோமானிய நாணயங்கள் கிடைத்த அகழாய்வு இடம். ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிப்பார்கள்; அங்கே அடுக்கைக் கலைத்தால் அந்தக் காலக்கணக்கே போச்சு.

எங்கள் கிணற்றடி இன்னும் பாக்கி. மழை முடியட்டும், பார்க்கலாம்.