மழைநீர் அனுமதி யார் கையில் இருக்க வேண்டும்? தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேலே உள்ள ஊர்கள் பற்றி ஒரு விவாதம்

ஏரிக்கரை:
எங்கள் தெருவுக்கு மேற்கே புதிய மனைப்பிரிவு போடுகிறார்கள். லாரி லாரியாக மண் கொட்டி, சாலையைவிட இரண்டடி உயரத்துக்கு நிலத்தை ஏற்றிவிட்டார்கள். போய் விசாரித்தேன். அனுமதி, தடையில்லாச் சான்று எல்லாம் முறைப்படி வாங்கியிருக்கிறார்கள். அந்த நிலம் இருப்பது ஓர் உள்ளாட்சியில், எங்கள் தெரு இன்னோர் உள்ளாட்சியில். இதுவரை அங்கேயே தேங்கி ஊறிய தண்ணீர் இனி எங்கள் வாசலுக்கு வரும். தடுக்க எங்கள் உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லை. எங்களைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கத்துக்கு வரும். அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தாம்பரம் மாநகராட்சியில் புறப்படும் தண்ணீர் கிராம ஊராட்சிக்குள் நுழைந்து, திரும்பவும் தாம்பரத்துக்குள் வந்து, சென்னை மாநகராட்சியில் போய் முடிகிறது. அதனால் கேட்கிறேன்: இந்த நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதற்கும் மழைநீர் அனுமதியை, அதாவது கட்டுகிற மனையிலிருந்து மழைநீரை எப்படி வெளியே விடலாம் என்ற அனுமதியை, ஒரே அமைப்பு கொடுத்தால் என்ன?

மேட்டுத்தெரு:
உங்கள் கஷ்டம் புரிகிறது சார், ஆனால் இந்தத் தீர்வை நான் ஏற்கமாட்டேன். ஐந்து வருடம் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவன் நான். மழை பெய்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மக்கள் கதவைத் தட்டியது என் வீட்டில்தான், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்தில் இல்லை. பெரிய கட்டடம் எல்லாம் ஏற்கனவே அங்கேதான் போகிறது, தடையில்லாச் சான்று கொடுப்பது நீர்வளத் துறை. சின்ன வீடுகள் மட்டும்தான் எங்களிடம் மிச்சம். அதையும் எடுத்துக்கொண்டு போனால், இரண்டு சென்டில் வீடு கட்டுகிறவர் இன்னொரு அலுவலகத்துக்கும் அலைய வேண்டும்.

பெரிய அமைப்பு என்றால் சரியாகச் செய்யும் என்றும் நம்ப வேண்டாம். கோவளம் வடிநிலத்துக்கு வடிகால் திட்டம் போட்டபோது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் கான்கிரீட் வடிகால் என்றார்கள். அது மணல் பூமி, மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். அங்கே குடியிருக்கிறவர்கள்தான் இதைச் சொல்லி எதிர்த்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

மட்டப்பலகை:
வடிகால் வேலையில் இருக்கிறேன். இருவரும் அனுமதி யார் கொடுப்பது என்று பேசுகிறீர்கள். அனுமதி எதைக் கேட்கிறது என்று பார்ப்போம்.

1 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். காலி நிலமாக இருந்தால் ஒரு பகுதி ஊறும், ஒரு பகுதி பள்ளத்தில் நிற்கும், மிச்சம் மெதுவாக ஓடும். கூரையும் சிமென்ட் தரையும் போட்டுவிட்டால் கிட்டத்தட்ட அத்தனையும் ஓரிரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தடையில்லாச் சான்று அந்த ஒரு மனையைத்தான் பார்க்கிறது: வாய்க்கால் மேல் இருக்கிறதா, எவ்வளவு உயர்த்த வேண்டும். இதே வாய்க்காலில் தண்ணீர் விட ஏற்கனவே எத்தனை பேருக்கு அனுமதி இருக்கிறது என்று கூட்டிப் பார்க்கும் பதிவேடு யாரிடமும் இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றடி அகல வடிகால் ஒன்று உள்ளாட்சி எல்லைக்கல் வரை வந்து, அடுத்த பக்கம் இரண்டடிக் குழாயில் சேருவதை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒப்பந்தம் முறையாக முடிந்து, பில்லும் பாஸாகிவிட்டது. மழையில் அந்த இணைப்பில்தான் ரோடு உடைந்தது.

பெரும்பாக்கம்வாசி:
வீடு வாங்கியவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், பள்ளிக்கரணை ராம்சர் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதிய அனுமதி வேண்டாம் என்றது. சதுப்பு நிலம் 2022-லேயே ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், வந்துவிட்டது. அப்போதே எது வரை கட்டலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் முன்பணம் கட்டியிருக்கவே மாட்டோம். அனுமதி கொடுத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள், வங்கித் தவணை எங்கள் தலையில்.

ஏரிக்கரை:
அந்த 1 கி.மீ. தடை சதுப்பு நிலத்தைச் சுற்றித்தானே? தண்ணீர் வருவது சேலையூர், செம்பாக்கம் பக்கமிருந்து. மேலே மண் கொட்டுவது அப்படியே நடக்கும், கீழே இருக்கிறவர் மட்டும் கட்டக் கூடாது. இதனால்தான் முழுப் பரப்புக்கும் ஒரே விதி என்கிறேன்.

மேட்டுத்தெரு சார், 2015-லும் 2023 டிசம்பரிலும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டாவது முறை அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட எங்கள் வார்டில் உண்டானதில்லை. நான் ஓட்டுப் போட்ட கவுன்சிலரால் என்ன செய்ய முடியும்? உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள் இல்லையே.

மேட்டுத்தெரு:
கடைசியில் கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, ஒரு விதியை ஏற்கிறேன்: கட்டுவதற்கு முன் மனையிலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியே போனதோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது. குட்டை வெட்டட்டும், தொட்டி கட்டட்டும். இது மேல் ஊர், கீழ் ஊர் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் அனுமதியில் கையெழுத்து உள்ளாட்சியுடையதுதான்.

மட்டப்பலகை:
விதி மட்டும் போதாது. சிட்லபாக்கத்திலிருந்து, சதுப்பு நிலத்து நீர் வெளியேறும் ஒக்கியம் மடுவு வரை ஒவ்வொரு கலங்கலும் (ஏரியின் உபரி நீர் வழியும் இடம்), ஒவ்வொரு சிறுபாலமும் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரே வரைபடம் வேண்டும். அதில் ஒவ்வொரு அனுமதியும் ஏற வேண்டும். மடுவிலிருந்து பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடல். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அங்கே வடிவது மெதுவாகிவிடும். ஆகவே மேலே எவ்வளவு தேக்குகிறோம் என்பதுதான் கணக்கு.

ஏரிக்கரை:
கையெழுத்து உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அடுத்த கீழ் ஊருக்கு 30 நாள் முன்பே தகவல் போக வேண்டும், அவர்கள் ஆட்சேபித்தால் அனுமதி நிற்க வேண்டும்.

மேட்டுத்தெரு:
தகவல் போகட்டும். ஆட்சேபித்தால் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பக்கத்து ஊர்த் தலைவருக்கும் எங்களுக்கும் ஆகாவிட்டால் ஒரு வீடுகூடக் கட்ட முடியாது. ஆட்சேபணையைப் பொறியாளர் ஒருவர் அந்த வரைபடத்தை வைத்துப் பார்த்து முடிவு சொல்லட்டும்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முயற்சி செய்கிறேன். உங்கள் வார்டின் பகுதி சபையில் நீங்கள் பேசுங்கள். அந்த மண் கொட்டிய இடத்தின் படங்களை எனக்கு அனுப்புங்கள், சாலை மட்டம் தெரிகிற மாதிரி.