குரலே கேட்காத படத்தில் ஓப்பரா பாடகி: ஜெரால்டின் ஃபரார்

திரைப்பித்தன்: வணக்கம் நண்பர்களே. 1915-ல வந்த 'கார்மென்' மௌனப்படம் பார்த்தேன். நாயகி ஜெரால்டின் ஃபரார், அந்தக் காலத்துல நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பராவுல, அதாவது பாட்டாலேயே கதை சொல்ற மேடை நாடகம் போடுற அரங்குல, முன்னணிப் பாடகியாம். பாட்டாலேயே பேர் வாங்கினவங்க பாட்டே கேட்காத படத்துல ஏன் நடிக்கணும்? குரல் போயிடுச்சா?

கடலோரம்: பணம்தான் சார், வேறென்ன. ஹாலிவுட் அப்போ மேடையில பேர் வாங்கினவங்களை அள்ளிக்கிட்டு இருந்துச்சு.

இசைவாணி: பணமும் ஒரு காரணம்தான். ஆனா அதோடு விட்டுட்டா அவங்களுக்கு நியாயம் செய்ததாகாது. ஃபராரின் இசைத்தட்டுகளை நான் பல வருஷமா தேடித்தேடிக் கேட்கிறவள், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1882-ல மாசசூசெட்ஸ் மாநிலத்து மெல்ரோஸ் ஊர்ல பிறந்தாங்க. 1901-ல பெர்லின் அரசவை ஓப்பராவுல அரங்கேற்றம், 'ஃபௌஸ்ட்'டில் மார்கரீத்தா வேஷம். 1906-ல மெட்ரோபாலிடனுக்கு வந்துட்டாங்க. அடுத்த பிப்ரவரியில அங்கே 'மதாமா பட்டர்ஃப்ளை' முதன்முதலா ஏறினப்போ புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோவோட பாடினது இவங்கதான். இசையமைத்த புச்சினியே நியூயார்க் வந்திருந்தார்.

மேடையில சும்மா நின்னு பாடிட்டுப் போற ஆளே இல்லை. 1910-ல 'கோனிக்ஸ்கிண்டர்' ஓப்பராவுல வாத்து மேய்க்கிற பெண்ணா வந்தப்போ, நிஜ வாத்துகளைப் பழக்கி மேடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. குரலை விட அவங்க நடிப்புதான் பெரிசுன்னு அப்பவே விமர்சகர்கள் எழுதினாங்க. சினிமாவுக்கு வேண்டியது அவங்ககிட்ட ஏற்கெனவே இருந்ததுன்னு நான் சொல்றது இதை வெச்சுத்தான்.

1915-ல ஐரோப்பா முழுக்கப் போர். கோடைக்கு அங்கே போக வழியில்லை. அந்தக் கோடையிலதான் கலிஃபோர்னியா போனாங்க. இயக்குநர் செசில் பி. டெமில் முதல்ல 'மரியா ரோசா'வை எடுத்து அவங்களைக் கேமராவுக்குப் பழக்கினார், பிறகுதான் 'கார்மென்'. வெளியானது என்னவோ 'கார்மென்' முதல்ல. 'கார்மென்' ஓப்பராவாவும் இருக்கு; அதன் பாடல் வரிகளுக்கு உரிமைச் சிக்கல் இருந்ததால, பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் மூலக்கதையில இருந்து கதையை எடுத்தாங்க. படப்பிடிப்புல வாத்தியக்காரங்களை உட்கார வெச்சு, காட்சிக்கு ஏத்த இசையை வாசிக்கச் சொல்வாங்களாம். சங்கீதத்துலயே வளர்ந்த உடம்பு, அதுக்குத் தாளம் வேணும்.

சுருட்டு ஆலைச் சண்டையை இன்னொரு தடவை பாருங்க. எதிர்ல இருக்கிற பெண்ணை முடியைப் பிடிச்சு இழுத்து உருட்டுறதுல துளி நாசூக்கு கிடையாது. மேடையில அத்தனை பெரிய பேர் வாங்கினவங்க கேமரா முன்னாடி இப்படித் தன்னை விட்டுக்கொடுத்து நடிச்சதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுது.

திரைப்பித்தன்: நன்றி மேடம்! மேடையில கரூசோவை அறைஞ்சதா ஒரு கதை இருக்கே, அது நிஜமா?

இசைவாணி: 1916-ல மேடைக்குத் திரும்பி 'கார்மென்' பாடினப்போ சினிமாப் பழக்கத்துல கொஞ்சம் முரட்டுத்தனமா நடிச்சாங்க, கரூசோ கோபப்பட்டார்னு பத்திரிகைகள் எழுதின. அதோட ரெண்டு பேரும் பிரிஞ்சிடலை, பிறகும் சேர்ந்து பாடினாங்க.

உங்க முதல் கேள்விக்கே வர்றேன். குரல் போனதால படத்துக்கு வந்திருந்தா, 1918-ல புச்சினியின் 'சுவோர் ஆஞ்ஜெலிகா' உலகிலேயே முதல் தடவை அரங்கேறினப்போ நாயகி வேஷம் இவங்களுக்குக் கிடைச்சிருக்குமா? டெமில், அப்புறம் கோல்ட்வின் நிறுவனம்னு 1920 வரைக்கும் படங்கள்ல நடிச்சாங்க, ஓப்பராவையும் விடலை. 1922 ஏப்ரல் 22-ல 'ஸாஸா' பாடி மெட்ரோபாலிடன்ல இருந்து விடைபெற்றாங்க, அப்போ வயசு 40. 'ஜெரிஃப்ளாப்பர்ஸ்'னு பேர் வாங்கின இளம் ரசிகைகள் கூட்டம் தெருவையே அடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

கடலோரம்: பணம்னு ஒரே சொல்லுல முடிச்சது தப்புதான் மேடம். அடுத்து எதைப் பார்க்கலாம்?

இசைவாணி: 'ஜோன் த வுமன்', 1916. பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கா கவசத்தோட வர்றாங்க. நீளமான படம், ரெண்டு ராத்திரியா பிரிச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி கரூசோவோட 1908-ல பதிவு பண்ணின 'பட்டர்ஃப்ளை' காதல் பாட்டைக் கேட்டுடுங்க.