அக்காவின் கொப்பி

குழு: அம்மா வீடு, உவர்மலை

சனி

நான், இரவு 10.47
அக்கா தூங்கிவிட்டார். இதைக் காலையில் அவரும் பார்ப்பார்; பார்க்கட்டும்.

இன்று பின்னேரம் அம்மாவின் கிளினிக் துண்டைத் தேடி அலுமாரி இழுப்பறையைத் திறந்தேன். அம்மாவின் கிளினிக் கொப்பிக்குப் பிரவுன் தாளில் உறை போட்டு, ஒவ்வொரு மாதத்து இரத்தச் சோதனையையும் திகதி வரிசையில் ஒட்டி வைத்திருக்கிறார் அக்கா. அதற்குக் கீழே அக்காவின் சொந்தக் கொப்பி கிடந்தது. கடைசிக் கையெழுத்து மாசி மாதம். அடுத்து வரச்சொல்லிப் பங்குனியில் ஒரு திகதி எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. இது ஆவணி.

அக்காவின் பிரஷரை அளந்து பார்த்தேன். 168/96. அம்மாவுக்கு 132/80.

சின்னண்ணா (ஸ்காபரோ), இரவு 10.58
அக்கா ஒன்றும் சொல்லவில்லையே. போன கிழமையும் கதைத்தேன், "நான் நன்றாக இருக்கிறேன்" என்றார். உடனே ஒரு ஆளை வைப்போம். மாதம் எவ்வளவு வரும் என்று சொல், அனுப்புகிறேன்.

நான், இரவு 11.20
அண்ணா, நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு குறையும் இல்லை. குளிசையும் பம்பர்ஸும் அதில்தான் வருகின்றன. ஆனால் அந்தப் பம்பர்ஸ் பெட்டிகள் அடுக்கியிருப்பது அக்காவின் தையல் மெசினின் மேல். பாரிசவாதம் வந்து அம்மா படுத்த நாளிலிருந்து அந்த மெசினை யாரும் திறக்கவில்லை.

தாதியர் பட்டப்படிப்புக்காக நான் வாசிப்பதில் ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிற்றில்மன் என்பவரின் குழு, அல்சைமர் நோயாளிகளை வீட்டில் பராமரித்த 406 கணவன்மாரையும் மனைவிமாரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான உதவி. மற்றப் பகுதியினருக்கு ஆறு ஆலோசனைச் சந்திப்புகள், கூடிக் கதைக்க ஒரு குழு, வேண்டும்போது தொலைபேசியில் கேட்க ஓர் ஆள். அந்த ஆறு சந்திப்பில் நான்கு, பராமரிப்பவரின் குடும்பத்தாரையும் கூப்பிட்டு இருத்திவைத்து நடந்தவை. 2006இல் வந்த முடிவின்படி, இந்த உதவி கிடைத்தவர்களின் வீடுகளில் நோயாளியை முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் நாள் 557 நாள் தள்ளிப்போனது. நோயாளிக்குப் புது மருந்து கொடுத்து வந்த மாற்றம் இல்லை இது. பராமரிப்பவருக்குப் பக்கத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள், அதனால் வந்தது.

அம்மாவுக்கு அல்சைமர் இல்லை, தெரியும். ஆனாலும் அந்த நான்கு சந்திப்பும் இந்தக் குழுவில் நடக்க வேண்டியவை என்றுதான் எனக்குப் படுகிறது.

சின்னண்ணா (ஸ்காபரோ), இரவு 11.31
அக்கா 58 வயதிலேயே இப்படி என்றால்...

நான், இரவு 11.40
1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்கொற் பீச் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 66 வயதுக்கு மேற்பட்ட தம்பதிகள். துணையைப் பராமரித்து, அதனால் நெருக்கடியும் அனுபவித்தவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 வீதம் கூட இருந்தது. பராமரித்தும் நெருக்கடி இல்லாமல் இருந்தவர்களுக்கு அப்படித் தெளிவாகக் கூடவில்லை. அக்கா அந்த வயதும் இல்லை, அம்மா அவரின் துணையும் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே இவருக்குப் போட முடியாது. ஆனால் நெருக்கடியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நான் நித்திரை கொள்ளாமல் இதை எழுதுவது அதற்காகத்தான்.

ஞாயிறு

அக்கா, காலை 5.09
என் கொப்பியைத் திறக்க உன்னிடம் யார் சொன்னது?

அக்கா, காலை 5.10
அம்மாவைப் பார்ப்பது எனக்குப் பாரம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சின்னம்மா (மட்டிக்களி), காலை 6.12
பிள்ளை, அவள் அப்படிச் சொல்லவில்லை. கோபப்படாதே. ஆனால் சின்னவளே, இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கணக்கு. எங்கள் ஊரில் தாயைப் பார்க்க ஆலோசனைக் கூட்டம் வைத்தவர் யார்?

நான், காலை 6.30
கேட்காமல் திறந்தது பிழை, அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சின்னம்மா, எங்கள் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 30 கிராமப்புறச் சமூகங்களில், பிரஷர் உள்ள 2645 பேரோடு செய்த ஆய்வு 2020இல் வந்தது. அரச சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், பிரஷரை அளந்து, உப்பையும் உணவையும் பற்றி வீட்டாரோடு இருந்து கதைத்தார்கள். கூடியிருந்தவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் அவர்களின் மேல் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து போவதில் அவ்வளவு இருக்கிறது.

அக்கா மகன் (வத்தளை), காலை 7.02
அம்மா, எனக்கும் சொல்லவில்லையே. நீங்கள் ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை?

அக்கா, காலை 9.41
அம்மம்மாவைக் குளிப்பாட்டி முடித்து இப்போதுதான் இருக்கிறேன். என்னுடைய கிளினிக் வியாழக்கிழமை. அம்மம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வருபவரும் வியாழக்கிழமைதான் வருகிறார். யாரை விட்டுவிட்டுப் போவது?

நான், காலை 9.50
பார்த்தீர்களா? ஆறு மாதமாகக் கொப்பி வெறுமையாக இருந்ததற்குக் காரணம் ஒரு வியாழக்கிழமை.

சின்னண்ணா (ஸ்காபரோ), காலை 9.58
அந்த நாளை மாற்றக் கேட்கலாம். பயிற்சிக்காரரின் நம்பரை அனுப்பு அக்கா. இனி அவரோடு நான் கதைக்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம்.

நான், காலை 10.15
நல்லது அண்ணா. அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோறிக் என்பவர், நீண்டகால நோயோடு வாழ்கிறவர்களுக்கு ஆறு கிழமை வகுப்பு ஒன்றை உண்டாக்கினார். கிழமைக்கு ஒருநாள், இரண்டரை மணித்தியாலம். நடத்துபவர்கள் டொக்டர்மார் இல்லை, அதே மாதிரி வருத்தங்களோடு வாழ்கிற சாதாரண ஆட்கள். 1999இல் வந்த ஆய்வில், வகுப்புக்குப் போனவர்கள் ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் குறைந்திருந்தன. அங்கே ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்னத் திட்டம் எழுதுவார்கள். அடுத்தவர் செய்யச் சொல்வதை எழுதக் கூடாது, தனக்கே ஆசையானதை எழுத வேண்டும். என்ன, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள். பிறகு, செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியது திட்டத்தை. ஆளைக் குறை சொல்வதில்லை.

உங்களுக்கு என்ன ஆசை?

அக்கா, காலை 11.26
வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். நடந்து. பூசை முடியும் வரைக்கும் இருக்க வேண்டும், பாதியில் எழும்பி ஓடிவரக் கூடாது.

நான், காலை 11.27
பத்துக்கு எத்தனை?

அக்கா, காலை 11.34
ஐந்து. ஐந்தரைக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணீர். வேறு யாரும் கொடுத்தால் புரைக்கேறும்.

சின்னம்மா (மட்டிக்களி), காலை 11.52
எனக்குச் சொல்லித் தா. அவள் என் அக்கா. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியவள்.

அக்கா, பகல் 12.20
நன்றாக நிமிர்த்தி இருத்த வேண்டும். இடப் பக்கம் சரிவார், தலையணை வைக்க வேண்டும். கப்பில் கொடுக்கக் கூடாது, தேக்கரண்டி. கிளினிக்கில் சொன்னபடி மாவு கலந்து தடிப்பாக்க வேண்டும். நாடியைக் கொஞ்சம் கீழே பணிக்கச் சொல்லுங்கள். விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. குடித்து முடித்து அரை மணித்தியாலம் படுக்க விடக் கூடாது. கதை கொடுக்கக் கூடாது, சின்னம்மா. கதைத்தால் புரைக்கேறும்.

சின்னம்மா (மட்டிக்களி), பகல் 12.31
புதன்கிழமை வருகிறேன். நீ பக்கத்தில் நில், நான் கொடுத்துப் பழகுகிறேன்.

சின்னண்ணா (ஸ்காபரோ), பகல் 12.44
வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு நான் வீடியோவில் வருவேன். இங்கே காலை எட்டரை. அம்மா குடித்து முடித்த பிறகு, அந்த அரை மணித்தியாலமும் நான் கதைத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வெள்ளியும்.

அக்கா மகன் (வத்தளை), பகல் 12.50
அம்மாவின் கிளினிக் அன்று நான் லீவு எடுத்து முதல் நாள் இரவு பஸ்ஸில் வருகிறேன். திகதி சொல்லுங்கள் சித்தி.

நான், பகல் 12.53
அக்கா, இப்போது எத்தனை?

அக்கா, பகல் 1.40
எட்டு.

வெள்ளி

சின்னம்மா (மட்டிக்களி), பின்னேரம் 5.52
ஒரு கப் முழுவதும் குடித்துவிட்டாள். ஒருதரம்கூட இருமவில்லை.

சின்னண்ணா (ஸ்காபரோ), பின்னேரம் 6.03
அம்மாவைக் காண்கிறேன். கச்சான் காற்றில் திரைச்சீலை பறக்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் சின்னம்மா.

நான், பின்னேரம் 6.10
அக்கா எங்கே?

அக்கா, பின்னேரம் 6.48
பூசை முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன். சின்னம்மா, ஏழு மணிக் குளிசை நீல மூடிப் போத்தலில் இருக்கிறது.

சின்னம்மா (மட்டிக்களி), பின்னேரம் 6.49
எடுத்து வைத்துவிட்டேன். நீ இரு, பிள்ளை.