முற்றத்தில் நாய் மூத்திர வாடை: கழுவியும் போகாவிட்டால் என்ன செய்வது?

செந்தூல், கோலாலம்பூர்

தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவியும் வெயில் ஏறியதும் கார் போர்ச்சில் வாடை தூக்குகிறது என்றால், கழுவுவது போதவில்லை என்று அர்த்தமில்லை. வாடை இருக்கும் இடம் வேறு. சிமெண்டுத் தரை பார்க்கத்தான் கெட்டி, உள்ளே முழுக்க நுண்துளைகள். மூத்திரம் அதில் இறங்கிவிடும். அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக மாற்றும். சூடும் ஈரமும் இருந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் மருந்தும் போகவேண்டும்.

செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் (மூத்திரக் கழிவை உடைக்கும் நொதி கலந்த கழுவு திரவம்) இதற்குச் சரி. ஆனால் பலர் அதைக் காலை பத்து மணிக்கு ஊற்றுகிறார்கள். வெயிலில் தரை சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்தால் என்சைம் வேலை செய்யாது. மாலை மழை ஓய்ந்தபின், ஆறு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். முதலில் வெறும் தண்ணீரும் கெட்டி பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு, தரை ஈரமாக இருக்கும்போதே கிளீனரை ஊற்றுங்கள். ஸ்பிரே பத்தாது; தரை குடித்து முடித்து மேலே மெல்லிய படலம் நிற்கும்வரை ஊற்றவேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களில் செங்கல் வைத்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் வாடை கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீர்கள், உள்ளே உடைவது வெளியே வருகிறது. பழைய கறை என்றால் இரண்டு மூன்று இரவு இதையே செய்யவேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

மேலே செந்தூல் அண்ணன் சொன்னதோடு இதையும் கட்டாயம் சேர்க்கவேண்டும்: கிளோராக்ஸ் மாதிரியான ப்ளீச் ஊற்றாதீர்கள். ப்ளீச்சும் மூத்திரத்து அம்மோனியாவும் சேர்ந்தால் குளோராமின் வாயு வரும். கண் எரியும், மூச்சு அடைக்கும். மூடிய பின்கட்டில் இது விளையாட்டல்ல. தரையோடு மூக்கை வைத்துப் படுக்கும் நாய்க்கு இன்னும் மோசம். ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு, அதுவும் கொடியது. ஏற்கெனவே ப்ளீச் போட்டிருந்தால் நன்றாக அலசி, ஓரிரு நாள் விட்ட பிறகே என்சைம் போடுங்கள். இல்லையென்றால் ப்ளீச் அதைக் கொன்றுவிடும், காசு தண்ணீரில் போனதுதான். கொதிநீரும் அப்படியே.

வாசனை ஃப்ளோர் கிளீனர் வாடையை மூடுமே தவிர எடுக்காது. லெமன்கிராஸும் மூத்திரமும் கலந்த வாடை தனி மூத்திரத்தைவிடக் கொடுமை.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

பினாங்கில் பலர் வீட்டிலேயே எகோ என்சைம் போட்டு வைத்திருப்பார்கள். பழுப்புச் சர்க்கரை 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம் ஊறல். கண்ணாடி ஜாடி கூடாது, பிளாஸ்டிக் டப்பாவில்தான் போடவேண்டும்; முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடவேண்டும். இது நல்ல பொருள்தான், ஆனால் பெயரைப் பார்த்துக் கடை என்சைமுக்குச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் புளிப்புதான் அம்மோனியாவை அடக்குகிறது. அன்றாடம் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கப் கலந்து ஊற்ற இது போதும், ஊறிப்போன பழைய வாடைக்குப் போதாது.

வெள்ளை வினிகரும் அதே வகை. சம அளவு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் விட்டு அலசிவிடுங்கள். அமிலம் சிமெண்டை அரிக்கும். அடிக்கடி போட்டால் தரை சொரசொரப்பாகி இன்னும் அதிகமாக மூத்திரத்தைக் குடிக்கும். மார்பிள், டெராசோ தரையில் போடவே கூடாது.

பட்டர்வொர்த், பினாங்கு

புல்தரை இருக்கிறவர்களுக்கு: வினிகர் புல்லைக் கொன்றுவிடும். நாய் போன உடனே அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவதைவிட நல்ல வழி இல்லை. மஞ்சள் திட்டு வருவது நைட்ரஜன் மிகுதியால்தான், தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துவிடும். களிமண் தரையில் நீர் இறங்காமல் நிற்கும்; தோட்ட முள்கரண்டியால் குத்தித் துளை போட்டு மணல் தூவுங்கள். சுண்ணாம்பு போடச் சொல்பவர்கள் உண்டு. வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் வாங்கும் நீற்றுச் சுண்ணாம்பு நாயின் பாதத்தைப் புண்ணாக்கும், வேண்டவே வேண்டாம்.

செயற்கைப் புல் போட்டவர்கள் மேலே என்ன ஊற்றினாலும் பலனில்லை. விரிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கழுவவேண்டும்.

செந்தூல், கோலாலம்பூர்

தரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆண் நாய் காலைத் தூக்குவது கேட் தூணில். தூணின் அடியில் பெயிண்ட் கொப்பளித்து, கேட் கால் துருப்பிடித்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் மஞ்சள் கோடு தெரிந்தால் வாடையின் வேர் அங்கேதான். முழங்கால் உயரத்திலிருந்து கீழ்நோக்கி என்சைமை ஊற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்தது போர்ச்சும் லோங்காங்கும் (வீட்டோரச் சாக்கடை) சேரும் விரிசல். மூத்திரம் அதில் இறங்கித் தங்கிவிடும், சரிவு சரியில்லாத லோங்காங்கிலும் தேங்கும். பாசியைச் சுரண்டித் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள். எங்கே என்று தெரியாவிட்டால் இரவில் யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள், மூத்திரக் கறை மின்னும். சோப்புக் கறையும் மின்னும் என்பதால் மோந்தும் பாருங்கள்.

கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரத்தைப் போலவே நாய் மூத்திரத்திலும் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்) கிருமி இருக்கலாம். வாட்டர் ஜெட் வேண்டாம், தெறிப்பது முகத்தில்படும்.

வாடை முழுக்கப் போனபின் கான்கிரீட் சீலர் (தரையின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடிக்கலாம். தரை மழை படாமல் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் உரிந்து வரும். வாடை இருக்கும்போதே அடித்தால் அது உள்ளேயே அடைபடும். அடித்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. தரை கறுத்தால் இன்னொரு பூச்சு தேவை.