மணலில் ஓடும் குவாட் (நான்கு சக்கர பைக்): வால்வு போயிருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

ஷார்ஜா, பட்டறை மெக்கானிக்:

ஷார்ஜாவின் பதாயர் மணல்மேடுகளில் ஓடிவிட்டு எங்களிடம் வரும் குவாட்களில் கம்பெனி கொடுத்தபடியே இருப்பது அபூர்வம். போன சீசனில் வந்த ஒரு யமஹா ஒய்எஃப்இசட் 450 பற்றிச் சொல்கிறேன். கார்புரேட்டர் காலத்து வண்டி. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டு, காற்று தாராளமாகப் போகட்டும் என்று ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) மூடியையும் கழற்றியிருந்தார்கள்.

காலையில் செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் எடுக்காது, தள்ளிவிட்டால் எடுக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் இழுவையில் பெரிய குறை தெரியாது. ஐட்லிங் மட்டும் நிற்காது. இதுதான் புகார். வேறொரு இடத்தில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்து, ரீடிங் குறைவு, ரிங்கும் பிஸ்டனும் போச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த வகை இன்ஜினில் அந்த ஒரு ரீடிங்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது பாரம் குறையட்டும் என்று எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) கேமில் ஆட்டோ டீகம்ப்ரஷன், அதாவது அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு, இருக்கிறது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கும். போதாததற்கு ரேஸ் கேம் இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்கம்) வால்வைத் தாமதமாக மூடும். நல்ல இன்ஜினாகவே இருந்தாலும் கேஜ் முள் குறைவாகத்தான் ஏறும்.

நான் முதலில் எடுப்பது ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இதில் இன்டேக் மூன்று, எக்ஸாஸ்ட் இரண்டு, ஆக மொத்தம் ஐந்து வால்வு. இன்டேக்குக்கு 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.20 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இந்த வண்டியில் நடு இன்டேக்கில் 0.05 தகடுகூட நுழையவில்லை. கேமைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்து இரண்டிலும் 185 ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் வட்டத் தகடு, 1.85 மி.மீ. தடிமன்), நடுவில் 160. ஏற்கெனவே யாரோ மெல்லிய ஷிம் போட்டு இடைவெளியைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வால்வு மேலே ஏறி வந்திருக்கிறது.

இன்டேக் வால்வுகள் டைட்டானியம். எடை குறைவு, அதனால் இன்ஜின் உயர் வேகத்துக்குச் சுலபமாகப் போகும். ஆனால் அதன் முகத்தில் இருக்கும் கடினப் பூச்சு மிக மெல்லியது. ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்மணல் அந்தப் பூச்சை அரித்துவிட்டால், அடியில் இருக்கும் உலோகம் வேகமாகத் தேய்ந்து, வால்வு சீட்டுக்குள் (அது மூடும்போது உட்காரும் வளையம்) அமுங்கிக்கொண்டே போகும். அந்த நிலையில் இன்னொரு ஷிம் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கேட்டாலும் நான் அதைச் செய்து கொடுப்பதில்லை.

உறுதி செய்துகொள்ள லீக்டவுன் டெஸ்ட், அதாவது கசிவுச் சோதனை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துவிட்டு, அது எங்கே வெளியேறுகிறது என்று காதை வைத்துக் கேட்பேன். கார்புரேட்டர் பக்கம் 'உஸ்' என்றால் இன்டேக், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், பிரீதர் ஹோஸில் (இன்ஜின் அடிப்பகுதியின் காற்றுக்குழாய்) வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கேஸ்கெட். இதில் கார்புரேட்டர் வழியாகத் தெளிவாகக் கேட்டது, பிரீதரில் ஒன்றுமில்லை. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் பூட்டுக்குள் வெள்ளைத் துணியால் துடைத்தேன், மாவு போல மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட்டை இறக்கியதே அதற்கப்புறம்தான். நடு வால்வின் முகம் குழிந்து போயிருந்தது. பிஸ்டனும் ரிங்கும் நன்றாகவே இருந்தன.

டைட்டானியம் வால்வைப் பேஸ்ட் போட்டுச் சீட்டில் தேய்த்துக் கிரைண்டிங் செய்யாதீர்கள், இருக்கிற பூச்சும் போய்விடும். சீட்டைப் புதிதாக வெட்டித்தான் புது வால்வு போட வேண்டும். இவருக்கு ஸ்டீல் வால்வு போட்டோம். எடை கூடுவதால் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றினோம். ஏர்பாக்ஸ் மூடி திரும்ப ஏறியது. ஃபோம் ஃபில்டரை எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பில் கிரீஸ் தடவிக் கொடுத்தோம்.

மஸ்கட், வார இறுதியில் ஓட்டுபவர்:

அண்ணே, என் யமஹா ராப்டர் 700 குவாட்ல தொல்லை எக்ஸாஸ்ட் பக்கம். வாங்கும்போதே பழைய ஓனர் முழு சைலன்சர் மாத்தியிருந்தார், ஃபில்டரும் மாத்தியிருந்தார், ஆனா அதுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோல் அளவைக் கூட்டவே இல்ல. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிதானே, தானா சரி பண்ணிக்கும்னு நெனச்சிருக்கார் போல. ஐட்லிங்ல சைலன்சர் வாயில கையை வச்சா சீரா வராம நடுநடுவுல 'பஃப்'னு விட்டு விட்டு அடிக்கும். சூடானா மேடு ஏற மாட்டேங்கும். லீக்டவுன்ல காத்து சைலன்சர்லதான் கேட்டுது. திறந்து பார்த்தா எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்துல ஒரு இடம் எரிஞ்சு அரிச்சுப் போயிருந்துச்சு. வால்வு மாத்தினதோட விடல, ஃபியூயல் கன்ட்ரோலர் வச்சு பெட்ரோல் அளவைச் சரி பண்ணின பிறகுதான் மறுபடி மணலுக்குக் கொண்டுபோனேன்.

அபுதாபி, லிவா பாலைவன சீசனுக்கு வண்டி தயார் செய்பவர்:

மேலே சொன்னவை நாள்பட வரும் கோளாறுகள். திடீரென்று வருவது வால்வு வளைவது. கேம் மாற்றிப் பூட்டியதில் டைமிங் செயின் (கேமைச் சுற்றவைக்கும் சங்கிலி) ஒரு பல் தள்ளிப் போன வண்டி ஒன்று வந்தது. இதில் அளவு தலைகீழாக இருக்கும். தேய்ந்த வால்வில் இடைவெளி குறையும். வளைந்த வால்வு சீட்டில் முழுதாக உட்காராமல் தொங்குவதால் இடைவெளி கூடிவிடும். நேற்று வரை சரியாக இருந்த வால்வில் இன்று பெரிய தகடு தாராளமாக நுழைந்தால் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். பிளக் துளையில் எண்டோஸ்கோப் (குழாய் கேமரா) விட்டால் பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு பளிச்சென்று தெரியும்.

புது கேம் போடும்போது பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறோம். அழுந்திய களிமண்ணை வெட்டித் தடிமனை அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

மஸ்கட்காரர்:

லீக்டவுன் பண்றப்ப காத்து விட்டதும் இன்ஜின் தானா சுத்திடுதே, எப்படி நிறுத்துறீங்க?

ஷார்ஜா மெக்கானிக்:

தம்பி, பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லையென்றால் காற்று அதைக் கீழே தள்ளிவிடும். கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு) போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டுக் காற்றைத் திறக்காதீர்கள், அது சுழன்று கையை உடைத்துவிடும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கசிவு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. முப்பதைத் தாண்டினால் ஹெட்டை இறக்கலாம்.