தானாக முளைத்ததில் எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

மண்வெட்டி:

வணக்கம். ஆறு மாதமாகத் தோட்டம் என் பொறுப்பில் இருக்கிறது. அதுவரை அம்மாவின் ராஜ்ஜியம். இப்போது முழங்கால் வலி, நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுவதோடு சரி. போன வாரம் மழை விட்ட மறுநாள் ஒரு வேகத்தில் இறங்கி, மதியத்துக்குள் ஒரு பாத்தியை வழித்தெடுத்துவிட்டேன். குவியலைப் பார்த்த அம்மா, "காசித்தும்பைக் கன்றையெல்லாம் பிடுங்கிட்டு, கோரையைப் பத்திரமா விட்டு வச்சிருக்கியே" என்றார். அதற்கப்புறம் எதையும் தொடவே கை வரவில்லை.

மிச்சம் இருப்பவை இவை. புல் மாதிரி, பளபளப்பான கரும்பச்சை. இழுத்தால் பாதியில் அறுகிறது, நாலாம் நாள் அதே இடத்தில் நிற்கிறது. அம்மா சொன்ன கோரை இதுதானா? இன்னொன்று தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்திருக்கிறது, இலை கேரட் இலை போல வெட்டு வெட்டாக. செவ்வந்தி என்று நினைத்து நான்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன். ரோஜாத் தொட்டி முழுக்க மூன்று இதயம் சேர்ந்தாற்போல் ஒரு குட்டி இலை. மதில் விரிசலில் செம்பு நிறத் தளிரோடு ஒரு கன்று. அம்மாவிடமே கேட்கலாம்தான், ஆனால் மானம் போகிறது.

பூவரசி:

முதலில் அந்தச் 'செவ்வந்தி'க்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள் தம்பி. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் பார்த்தீனியம். சின்னதாக இருக்கும்போது எல்லோரையும் ஏமாற்றும், நானும் ஒரு காலத்தில் தொட்டியில் வைத்து வளர்த்தவள்தான். செவ்வந்தி குட்டியிலேயே தண்டு விட்டு எழும். பார்த்தீனியம் முதலில் தட்டு மாதிரி தரையில் பரப்பிக்கொண்டு உட்காரும், அப்புறம்தான் நடுவிலிருந்து தண்டு கிளம்பிப் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ வைக்கும். பூ வந்துவிட்டால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். கசக்கி மோந்து பார்க்கிறேன் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். பலருக்குத் தோல் அரிப்பு வரும், மூச்சிரைப்பும் வரும். கையுறை போட்டு, ஈரமண்ணில் வேரோடு எடுங்கள். கழுத்தோடு ஒடித்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

உங்கள் புல், கோரையேதான். சந்தேகம் இருந்தால் பூத்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டு போகும், கோரைத்தண்டு மூன்று பட்டையாக நிற்கும். இதைக் கையால் இழுப்பது வீண். கீழே கிழங்குகள் நூலில் கோத்த மணி மாதிரி ஒன்றையொன்று தொடர்ந்து போகும், நீங்கள் அறுத்து எடுப்பது வெறும் இலையை. கொத்தால் ஒரு சாண் ஆழம் மண்ணைப் புரட்டி, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கைப் பொறுக்க வேண்டும். தப்பியது முளைக்கும். இலை நாலைந்து ஆவதற்குள் மறுபடி எடுங்கள். அதற்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் செய்கிற வேலை இது. பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடலாம் என்று யாராவது சொல்வார்கள். கோரை முனை அதையே குத்திக்கொண்டு வெளியே வரும், பார்த்திருக்கிறேன்.

தொட்டியில் இருப்பது புளியாரை. ஒரு இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தால் புளிக்கும். காய் முற்றினால் விதையைத் தெறிக்கவிடும், அதனால் மஞ்சள் பூ தெரியும்போதே எடுத்துவிடுங்கள்.

காசித்தும்பைக்கு வருத்தப்பட வேண்டாம். போன வருடக் காய் வெடித்த இடத்தில் இன்னும் விதை கிடக்கும்.

தொட்டிக்காரன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், இரண்டே நாளில் எல்லாம் கருகிவிடும்.

பூவரசி:

கருகும். ரோஜாவும் சேர்ந்து கருகும். உப்பு மண்ணிலேயே தங்கி, அடுத்து நடுவதையும் கெடுக்கும். கோரைக்கிழங்கோ மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

கொத்தனார்மகன்:

மதில் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். இலை நுனி வால் மாதிரி நீண்டிருந்தால் அரசு. தடிப்பாக, வால் இல்லாமல் இருந்தால் ஆலாக இருக்கலாம். இரண்டையும் விதைப்பது பறவை எச்சம்தான். ஒடித்துவிட்டுப் போவது சும்மா கத்தரித்து விடுகிற மாதிரி. மேலே ஒடிக்க ஒடிக்க உள்ளே வேர் பருக்கும். கன்று விரல் நீளம் என்றால் விரிசலை நன்றாக நனைத்து, அடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள், வேரோடு வரும். அன்றைக்கே விரிசலை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த விதை உட்காரும். பென்சில் பருமனைத் தாண்டிவிட்டால் பூச்சைப் பெயர்த்து வேரை எடுத்தால்தான் தீரும்.

மண்வெட்டி (பதினெட்டு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அரசு முழுசாக வந்துவிட்டது, வேர் என் முழங்கை நீளம்! பார்த்தீனியம் இருபத்திரண்டு எடுத்தேன், அதில் ஒன்று பூத்திருந்தது. கோரைக்கிழங்கு ஒரு குவளை நிறையச் சேர்ந்தது, இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியில் அம்மாவிடமும் கேட்டேன். அடையாளம் தெரியாத கன்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நாலு இலை வரும் வரை தொடாதே என்றார். பதிமூன்று குச்சி நட்டேன். அதில் ஐந்து காசித்தும்பை, இரண்டு தக்காளி.

ஒரு சந்தேகம். ஓரத்தில் குட்டிக் கிண்ணம் மாதிரிப் பச்சைப் பூவோடு இருந்த ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டேன். அன்றிலிருந்து எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அந்தக் குவியலிலேயே புரள்கிறது. விரட்டினாலும் போகவில்லை.

பூவரசி:

குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. வேரின் வாசனைக்குப் பூனை சொக்கிப்போய்விடும். குவியலை அள்ளித் தூரப் போடுங்கள், இல்லையென்றால் பாத்தியையும் அது கிளறிவிடும்.

மண்வெட்டி:

அள்ளலாம் என்றுதான் போனேன். அம்மா, "இருக்கட்டும், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.