புதுப்பிப்பு: ஓஹாயோ ஸ்டேட் 2024 சீசன், 6-ஆம் இடம் எப்படி 8 ஆனது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியான ஓஹாயோ ஸ்டேட், மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த மைதானத்திலேயே தோற்றதும், "இரண்டு தோல்வி, இனி அவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தேன். அமெரிக்கக் கால்பந்து பழகாத எனக்குப் பொறுமையாக விளக்கியவர்களுக்கு நன்றி.

சரி, முடிவு: சாம்பியன் ஆகிவிட்டார்கள். 14 வெற்றி, 2 தோல்வி.

பிளேஆஃப் (சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று) 4 அணியிலிருந்து 12 அணியாகிவிட்டது, இடம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னதுதான் சரியான பதில். தரவரிசையில் 6-ஆம் இடம். ஆனால் முதல் நான்கு சீடும் (பிளேஆஃபில் யார் யாருடன் மோதுவது என்பதற்கான வரிசை எண்) கான்ஃபரன்ஸ் (அணிகள் பிரிந்து ஆடும் லீக்) சாம்பியன்களுக்கே என்பதால் 9-ஆம் இடத்து பாய்சி ஸ்டேட்டும் 12-ஆம் இடத்து அரிசோனா ஸ்டேட்டும் மேலே போக, இவர்களுக்கு 8-ஆம் சீடு. (2025-இல் இந்த விதியை எடுத்துவிட்டார்கள்.)

டென்னஸியை 42-17 என்று வென்றார்கள். அடுத்து ஓரிகன். நான் எதிர்பார்க்காதது இதுதான்: அக்டோபரில் 32-31 என்று ஒரே புள்ளியில் தங்களைத் தோற்கடித்த அணிக்கு எதிராக, ரோஸ் பவுல் என்ற பிளேஆஃப் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 34-0 என்று முன்னிலை! முடிவில் 41-21. அப்புறம் டெக்சஸ் 28-14, இறுதியில் அட்லாண்டாவில் நோட்ர டேம் 34-23.

மிச்சிகன் தோல்வி மட்டும் இன்னும் உறுத்துகிறது.